வட்டத்துக்குள் பெருக்கல் குறி

சங்கம், சபை, சமாஜம் என்று யாராவது நெஞ்சில் ஒரு பட்டையைக் குத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றால் நான் இன்றைக்கும் கதவுக்குப் பின்னால் ஓரடி நகர்ந்துகொள்வேன். வருகிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். கோயில் உற்சவத்துக்கோ ரத்ததானத்துக்கோ வந்திருப்பார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, பட்டையைத்தான் பார்ப்பேன். இதை வெட்டிக் கொடுத்தது யார், இதைக் குத்திக்கொள்ளாதவரை இவர்கள் என்ன செய்வார்கள் என்றுதான் என் புத்தி போகும். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று என் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களிடம் நான் இதைச் சொன்னதில்லை.

மட்டாஞ்சேரியில் காயலோரத்தில் மிளகும் சுக்கும் ஏற்றி அனுப்பும் ஒரு பாண்டிகசாலையின் வளைவுக்குள் குடியிருந்தோம். நம் பக்கத்தில் கிட்டங்கி என்பதை அங்கே பாண்டிகசாலை என்பார்கள். வளைவின் ஒரு கோடியில் சிப்பந்திகளின் லைன் வீடுகள். மறுகோடியில் வள்ளங்கள் வந்து அணையும் கடவு, தண்ணீருக்குள் இறங்கும் பாசிபிடித்த படிகள். அப்பாவுக்கு மூட்டைகளுக்குக் குறி போடும் வேலை. தகரத்தில் வடிவத்தை வெட்டி, சாக்கின் மேல் வைத்து, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்த மையை அதன்மேல் தேய்ப்பார். சாய்சதுரம் ஒரு துறைமுகத்துக்கு, நட்சத்திரம் இன்னொன்றுக்கு, இரட்டைப் பிறை வேறொரு முதலாளிக்கு. சுமக்கிறவர்களுக்கு எழுத்துத் தெரியாது, கப்பல்காரர்களுக்கு நம் எழுத்துத் தெரியாது, ஆனால் குறி எல்லோருக்கும் தெரியும். ஈரம் பட்டுப் பூசணம் பூத்த சரக்குக்கு வட்டத்துக்குள் பெருக்கல் குறி. அந்தக் குறி விழுந்த மூட்டையின் மேல் சுமட்டுக்காரர்கள் உட்காரக்கூட மாட்டார்கள். ஒரு மூலையில் அது பாட்டுக்குக் கிடக்கும்.

அப்பாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. குறி தப்பாக விழுந்துவிட்டால் அழிக்க விடமாட்டார். "குறியை அழிக்கப்படாது. அழிச்சது கண்டாக்க பின்னே எல்லாத்திலும் சம்சயம் வரும். சாக்கை மறிச்சு எடு" என்பார். சரக்கைக் கொட்டிவிட்டு, சாக்கை உள்வெளியாகத் திருப்பி, மறுபடி நிரப்பித் தைத்துப் புதுக் குறி போட வேண்டும். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே செய்வார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

கேரளம் என்று மாநிலத்துக்குப் பெயர் வந்த அடுத்த கோடை விடுமுறை அது. எனக்குப் பதினொரு வயது. ஊரில் ஆபீஸ் பலகைகளை எல்லாம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மகாராஜா காலத்துச் சங்கும் குடையும் பல்லக்கும் இருந்த இடத்தில் சுண்ணாம்பைப் பூசினார்கள், ஒரு மழை பெய்ததும் சங்கு மறுபடி எட்டிப் பார்த்தது. பெரியவர்களே இப்படி முத்திரை மாற்றி விளையாடும்போது நாங்கள் ஏன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்? அப்பா கழித்துப் போட்ட பழைய தகரங்களையும் ஒரு சிரட்டை மையையும் எடுத்துக்கொண்டு, கடவுக்குப் பக்கத்தில் காலிச் சாக்குகளை அடுக்கிவைக்கும் கொட்டகையில் ஒரு நாட்டை உண்டாக்கினோம். சாக்குராஜ்யம் என்று பெயர் வைத்தோம். வைத்தோம் என்பது பொய். நான்தான் வைத்தேன், எல்லாவற்றையும் நான்தான் வைத்தேன்.

பிரஜைகள் மொத்தம் ஐந்து பேர். நான், மேஸ்திரியின் இரண்டு பெண்கள், காவல்காரரின் மகள், அப்புறம் அவள். அவளுடைய அம்மா திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவள், எங்கள் பாண்டிகசாலையில் சுக்கு புடைத்துத் தரம் பிரிப்பாள். தகப்பன் இல்லை. அம்மாவும் பெண்ணும் லைன் வீட்டின் கடைசி அறையில் இருந்தார்கள்.

சாக்குத் துணியைக் கை அகலத்துக்கு வெட்டி, குறி போட்டு, ஊக்கால் நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். நட்சத்திரம் நீதிபதிக்கு, அதாவது எனக்கு. இரட்டைப் பிறை காவலுக்கு, அது மேஸ்திரியின் பெண்கள். சாய்சதுரம் ஆஸ்பத்திரி, காவல்காரரின் மகளுக்கு. முக்கோணம் தபால். எங்களில் ஓட்டத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் அதை அவளுக்குக் கொடுத்தேன். செய்தி கொண்டுவருவது அவள் வேலை.

குற்றம் செய்தவளுக்கு என்ன குறி என்று நான் யோசிக்கவே இல்லை, அது தகரத்திலேயே இருந்தது. பெருக்கல் குறி குத்தப்பட்டவள் இல்லாதவள். அவளைப் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது. அவள் பேசினால் காதில் விழக் கூடாது. விழாமல் இருப்பதற்காக எல்லோரும் சேர்ந்து ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல வேண்டும். மன்னிப்புக்கும் வழி வைத்திருந்தேன், அதுவும் அப்பாவிடமிருந்து எடுத்ததுதான். குற்றவாளி தன் சட்டையைக் கழற்றி உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நிற்க வேண்டும். நீதிபதி பத்து எண்ணும் வரை வாயைத் திறக்கக் கூடாது. பத்து எண்ணியானதும் அவள் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும்.

முதலில் மாட்டியது மேஸ்திரியின் சின்னப் பெண். கொடி வணக்கத்தில் சிரித்துவிட்டாள். அரை நாள் தண்டனை. தாகத்துக்குத் தண்ணீர் என்று அழுதாள், நாங்கள் வாய்ப்பாடு சொன்னோம். சாயங்காலம் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நான் பத்து எண்ணினேன். எண்ணும்போது எனக்கு உள்ளே எப்படி இனித்தது என்பதை மறைப்பதில் பிரயோஜனமில்லை.

அதன் பிறகு கொட்டகையோடு நிற்கவில்லை. குழாயடியிலும் கடைக்குப் போகும் வழியிலும் கோயில் குளத்திலும் சட்டம் செல்லும் என்று அறிவித்தேன். காவல்காரரின் மகள் ஒரு முழு நாள் இல்லாதவளாக இருந்தாள். மறுநாள் அவள் வந்தபோது முகத்தில் ஏதோ மாறியிருந்தது, நான் என்ன சொன்னாலும் முந்திக்கொண்டு தலையாட்டினாள். வீட்டில் பெரியவர்கள் சிரித்தார்கள். "விளையாட்டு வினையாகும், கேட்டியோ" என்று அம்மா மட்டும் சொன்னாள். அவள் அதை நாளுக்கு நாலு தரம் எதற்காவது சொல்வாள், ஆகையால் யாரும் கேட்பதில்லை.

இடவப்பாதி மழை, நம் வைகாசி நடுவில் அங்கே தொடங்கும் பெருமழை, நெருங்கிக்கொண்டிருந்தது. காயல் கலங்கிப் பழுப்பாகிவிட்டது. இறங்கும் தண்ணீர் கடவுப் படிகளில் சுழித்துக்கொண்டு போகும் சத்தம் கொட்டகைக்குள் கேட்கும். கப்பல் இல்லாத காலம் என்பதால் காலி வள்ளங்களைப் படியோடு கட்டிப்போட்டிருந்தார்கள். அவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே இருந்தன.

எனக்கு நான்கு வயதில் ஒரு தங்கை. குட்டி என்றே கூப்பிடுவோம். நான் போகும் இடமெல்லாம் பின்னாலேயே வருவாள். குறி இல்லாதவருக்கு நாட்டுக்குள் இடமில்லை என்று நான் அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். அவள் வாசற்கட்டையில் உட்கார்ந்து விரலைச் சூப்பிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் காலையில் பார்த்தால் உள்ளே இருக்கிறாள். நெஞ்சில் ஒரு சாக்குத் துண்டு. அதில் அடுப்புக்கரியால் ஒரு மீன் வரைந்திருந்தது. எங்கள் தகரங்களில் மீன் கிடையாது.

"நாந்தேன் வரஞ்சேன்" என்றாள் தபால்காரி. "பாவம், எத்தன நாளா வாசல்லயே ஒக்காந்திருக்கா. ஒண்ணுக்கும் ஆவாட்டியும் மீனு வளக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். காவல்காரரின் மகள்கூட சிரித்தாள். குட்டி எழுந்து நின்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு மீனைக் காட்டினாள். எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறிவிட்டது. இவ்வளவு நாளில் நான் கண்டுபிடிக்காத ஒரு குறியைத் தபால்காரி கண்டுபிடித்துவிட்டாள், எல்லோருக்கும் அது பிடித்தும்விட்டது. பொறாமைதான், வேறொன்றும் இல்லை. கள்ளக்குறி என்று தீர்ப்புச் சொன்னேன். குட்டியின் மீனைப் பிடுங்கி எறிந்தேன், ஊக்கு கீறி அவள் அழுதுகொண்டே வெளியே போனாள். தபால்காரியின் முக்கோணத்தை எடுத்துவிட்டு வட்டத்துக்குள் பெருக்கல் குறியைக் குத்தினேன்.

"சட்டையை மறிச்சு இடு, விட்டுடறேன்" என்றேன்.

"நான் ஒரு தப்பும் பண்ணல. இட மாட்டேன்" என்றாள்.

ஒன்பது நாள் அவள் சட்டையைத் திருப்பிப் போடவில்லை. பட்டையையும் கழற்றவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது. கழற்றி எறிந்துவிட்டுப் போயிருந்தால் நாங்கள் என்ன செய்திருக்க முடியும்? ஆனால் அவள் எங்கள் நாட்டை எங்களைவிட அதிகமாக நம்பினாள் என்று நினைக்கிறேன். அங்கே மட்டும்தான் அவளுக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. குழாயடியில் குடத்தோடு நிற்பாள், நாங்கள் அவள் நிற்கும் இடம் காலியாக இருப்பதுபோல் நடந்துபோவோம். குட்டி மட்டும் அவளோடு பேசினாள். இருவரையும் நான்தானே வெளியே தள்ளியிருந்தேன், அதனால் இருவரும் ஒன்றாகத் திரிந்தார்கள். வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு கடவில் உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து வளைவே அடங்கிக் கிடந்தது. பெரிய கேட்டைப் பூட்டிவிட்டுக் காவல்காரர் சாயா குடிக்கப் போயிருந்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கொட்டகையில் நாங்கள் நாலு பேர். நான் ஏதோ புதுச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் ஓடிவந்து வாசலில் நின்றாள். "ஏட்டி, ஒன் தங்கச்சி..." என்றாள்.

நான் கையை உயர்த்தினேன். நாலு பேரும் வாய்ப்பாட்டை ஆரம்பித்தோம். அவள் மேலும் ஏதோ கத்தினாள், நாங்கள் அதற்கு மேல் கத்தினோம். வள்ளம் என்ற ஒரு சொல் என் காதில் விழுந்தது. விழுந்தது என்று இங்கே எழுதுகிறேன். சட்டத்தை உடைக்க அவள் செய்யும் தந்திரம் என்று நினைத்தேன். மேஸ்திரியின் சின்னப் பெண் ஒரு கணம் நிறுத்தினாள், நான் முறைத்ததும் தொடர்ந்தாள். வாசலில் இருந்தவள் எங்களைப் பார்த்தாள். லைன் வீடுகள் இருந்த பக்கம் பார்த்தாள், அது எதிர்க்கோடி. பிறகு சட்டென்று சாக்கு அடுக்குக்குப் பின்னால் மறைந்தாள்.

ஓடிவிட்டாள் என்றே நினைத்தேன். ஏழேழு நாற்பத்தொன்பதையும் தாண்டிப் போயிருப்போம், மறுபடி வந்து நின்றாள். சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தாள். அவளுக்கு இருந்தது முதுகில் பொத்தான் வைத்த சட்டை, திருப்பிப் போட்டால் பொத்தான் உள்ளே போய்விடும், கைக்கு எட்டாது. ஒன்றிரண்டை எப்படியோ மாட்டியிருந்தாள். மிச்சம் திறந்து கிடந்தது. பெருக்கல் குறியை மறக்காமல் எடுத்து மறுபடி நெஞ்சில் குத்தியிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒன்பது நாள் அடம் பிடித்தவள் வழிக்கு வந்துவிட்டாள். மற்ற மூவரையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பிறகு எண்ண ஆரம்பித்தேன். மெதுவாக எண்ணினேன். ஆறில் நிறுத்தி, நேராக நில் என்று சைகை காட்டினேன். அவள் நேராக நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஏழு என்றேன்.

பத்து என்றதும் அவள் சொன்னாள். "குட்டி வள்ளத்துல ஏறிட்டா. அடுத்ததுக்குத் தாண்டயில விழுந்துட்டா. எனக்கு நீந்தத் தெரியாதுட்டி."

நாங்கள் கடவுக்குப் போனபோது படியில் குட்டியின் இரண்டு சின்னச் செருப்புகள் இருந்தன. வள்ளங்கள் முட்டிக்கொண்டிருந்தன. நான் போட்ட கூச்சலில் லைன் வீடுகளில் இருந்து ஆட்கள் வந்தார்கள். அடுத்த கடவின் தூணடியிலிருந்து ஒரு வள்ளக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மழை பிடித்துவிட்டது. அம்மாவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். பாண்டிகசாலை மானேஜரும் வந்திருந்தார். துக்கத்துக்குப் பழி போட ஒரு ஆள் தேவைப்பட்டது. குட்டி காலையிலிருந்து யாரோடு இருந்தாள் என்று கேள்வி வந்தது, நாலைந்து பேர் பார்த்திருந்தார்கள். தபால்காரியைக் கூட்டிவந்து நடுவில் நிறுத்தினார்கள். அதே சட்டை, அதே திருப்பல், அதே பட்டை. அவளுடைய அம்மா வாசலுக்கு வெளியே மழையில் நின்றாள்.

"நீயல்லே கூட இருந்தது? கண்டப்போ ஏன் கூவல்லே?" என்று மேஸ்திரியின் மனைவி கேட்டாள்.

"கூவினேன். ரெண்டு தரம் வந்தேன்" என்றாள்.

மானேஜர் எங்களை ஒவ்வொருத்தியாகக் கேட்டார். காவல்காரரின் மகள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "முதல் தரம் கேட்கல்லே, பின்னே வந்துதான் சொன்னா" என்றாள். மேஸ்திரியின் பெரிய பெண் கேட்கவில்லை என்றாள். சின்னவள் அழுதுகொண்டே கேட்கவில்லை என்றாள். எங்கள் சட்டப்படி அது சத்தியம். இல்லாதவளின் குரல் யார் காதிலும் விழுவதில்லை. கடைசியில் அப்பா என்னைக் கேட்டார்.

"நீ கேட்டியோ?"

"இல்லேப்பா" என்றேன்.

"பாவம் குழந்தைகள், வாய்ப்பாடு சொல்லிண்டிருந்தது எனக்கே இங்கே கேட்டதாக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு மாமி. மேஸ்திரியின் மனைவி அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகில் திறந்து கிடந்த சட்டையை எல்லோருக்கும் காட்டினாள். "இது கண்டேளா? சட்டை மறிச்சு இட நேரம் உண்டாயிருந்தது இவளுக்கு. கூவ நேரம் இல்லே."

அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று கேட்டால் இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிற பார்வை. பத்து எண்ணுகிற நேரம் அப்படி நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் அப்பா அவள் நெஞ்சில் இருந்த சாக்குத் துண்டைப் பார்த்தார். தான் வெட்டிய தகரத்தின் விளிம்பு அவருக்குத் தெரியாமல் போகுமா? கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு மடியில் கோத்துவைத்திருந்த என் கையைப் பார்த்தார். விரல் நுனிகளில் மை கறுத்துக் கிடந்தது. அந்த மை ஒரு வாரத்துக்குப் போகாது.

அவர் எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன், அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்து ஒரு பழந்துணியை நனைத்தார். கீழே உட்கார்ந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, நகக்கண்ணெல்லாம் விட்டுத் தேய்த்தார். "அம்மா காணப்படாது" என்றார். குறியை அழிக்கப்படாது என்று இருபது வருஷம் அத்தனை பேரிடம் சண்டை போட்டவர், பத்து விரலையும் அழித்து முடித்துத் துணியை அடுப்பில் போட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அந்தத் தாயையும் பெண்ணையும் நாளைக்கே அனுப்பிவிடலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெற்றவர் நீர், நீரே சொல்லும் என்று மானேஜர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு, "போகட்டும்" என்றார்.

என் கையில் மண்ணெண்ணெய் வாசனை அறை முழுக்க அடித்தது. அது ஏன் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை.